மூளையா, சமூகமா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில், ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். நான் படித்தது சமூகவியல். சில வருடங்களாகப் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் அதிகம் கேட்பது மூளையைப் பற்றித்தான். போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்து, "சேர், கோபம், குடி, படிப்பு எல்லாமே மூளையில்தான் இருக்காமே, பிறகு சமூகவியல் எதுக்கு?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

நரம்பியலும் சமூகவியலும் எதை எதை ஆராய்கின்றன?

நரம்பியல் தலைக்குள்ளே பார்க்கிறது. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த ஓர் உறுப்பு, அதில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள். உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. சமூகவியல் மனிதர்களுக்கு இடையில் இருப்பதைப் பார்க்கிறது: யார் யாரிடம் கூலி வாங்குகிறார்கள், எந்தச் சட்டம் யாரை வெளியே நிறுத்தியது, யாருக்கு எந்த வேலை 'இயல்பானது' என்று ஊர் நினைக்கிறது.

பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம், சமூகத்தில் நடப்பதைச் சமூகத்தைக் கொண்டே விளக்க வேண்டும் என்று 1895இல் எழுதினார். அதன் பிறகு நீண்ட காலம் இரு துறைகளும் அவரவர் வேலியைத் தாண்டவில்லை. 1990களில், வேலை செய்துகொண்டிருக்கும் மூளையைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. முறை பரவியபோது மூளை ஆய்வாளர்கள் நம்பிக்கை, வெட்கம், ஒதுக்கிவைத்தல் போன்றவற்றையும் ஆராயத் தொடங்கினார்கள். உரசலும் உறவும் தொடங்கியது அங்கேதான்.

தோட்டத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

அம்மாவின் கையைச் சொல்கிறேன். பாடசாலை விட்டு மலைக்கு ஓடினால், அம்மா என் முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே இருப்பார். இரண்டு கைகளும் தேயிலைச் செடியின் மேல் தன்பாட்டில் ஓடும். இரண்டு இலையும் ஒரு மொட்டும். முற்றின இலை விரலில் பட்டதும் விரல் அதைத் தாண்டிப் போய்விடும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குள் வீச்சு. ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

இதை நரம்பியல் அழகாக விளக்கும். ஒரு வேலையை ஆயிரக்கணக்கான தடவை செய்யும்போது, யோசித்துச் செய்யும் பகுதிகளின் பங்கு குறைந்து, மூளையின் ஆழத்திலுள்ள பழக்கப் பகுதிகள் பொறுப்பை ஏற்கின்றன. அதனால்தான் அம்மாவால் என் புள்ளியைப் பற்றி விசாரித்தபடியே கொழுந்து பறிக்க முடிந்தது.

ஆனால் அந்தக் கை ஏன் ஒரு பெண்ணின் கையாக இருந்தது? அம்மம்மாவின் கையும் ஏன் அதே வேலையைச் செய்தது? பறிப்பது பெண்ணாகவும் தராசடியில் நின்று எழுதுவது ஆணாகவும் இருப்பது ஏன்? கிலோ குறைந்தால் 'அரைப் பேர்', அதாவது அரைநாள் கூலி, போடுவது என்று யார் தீர்மானித்தது? எந்த எம்.ஆர்.ஐ. படத்திலும் இதற்குப் பதில் இல்லை. 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக நட்டதும், கோப்பிக் காலத்திலிருந்தே கங்காணிமார் மூலம் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்ததும், கூலி குறைந்த பெண் உழைப்பைக் கொழுந்து மலையில் நிறுத்தியதும் தெரிந்தால்தான் பதில் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா ஓய்வு பெற்று வருடங்கள் ஆகின்றன. இன்றும் ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனால், நாற்காலியைக் காட்டினாலும் உட்கார மாட்டார். முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நிற்பார். "உட்காருங்கம்மா" என்று இரண்டாம் தடவை சொன்னால் நுனியில் உட்காருவார். சமூகம் இப்படி உடம்பில் படிந்துவிடுவதைப் பற்றித்தான் பியர் பூர்தியூ என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் நிறைய எழுதினார். அந்தப் பழக்கம் அம்மாவின் நரம்புகளில் இருக்கிறது, சந்தேகமில்லை. அதை அங்கே வைத்தது, தினமும் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் தோட்டத்துப் பெரட்டுக்களம்.

"தோட்டப் பிள்ளைகளுக்கு மூளை கம்மி" என்று ஒருவர் சொன்னார். விஞ்ஞானம் அப்படிச் சொல்கிறதா?

இல்லை. தரம் 5 புலமைப்பரிசில் வகுப்பில் இதே வார்த்தையை நானும் கேட்டிருக்கிறேன், ஒரு ஆசிரியரின் வாயிலிருந்து. முப்பது வருடம் கழித்தும் அந்தக் கரும்பலகையும் அதன் மூலையில் இருந்த வெடிப்பும் நினைவிருக்கிறது. ஆகவே இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

அமெரிக்காவில் 3 முதல் 20 வயது வரையான 1,099 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. குடும்ப வருமானத்துக்கும் மூளை மேற்பட்டையின் பரப்புக்கும் தொடர்பு தெரிந்தது. முக்கியமான விஷயம், அந்தத் தொடர்பு மிக வறிய குடும்பங்களிடையேதான் செங்குத்தாக இருந்தது. அங்கே வருமானத்தில் சிறு வித்தியாசம் இருந்தாலும் மூளைப் பரப்பில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. வசதியானவர்களிடையே அப்படி இல்லை. இனத்தையோ சாதியையோ மூளையின் தரத்தோடு முடிச்சுப்போட இதில் எதுவுமே இல்லை.

எது எதைச் செய்கிறது என்று ஒரு தொடர்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் அமெரிக்காவிலேயே இன்னொரு ஆய்வு: வருமானம் குறைந்த 1,000 தாய்மாரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மாதம் 333 டொலரும் மற்றவர்களுக்கு 20 டொலரும் கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு ஒரு வயதானபோது மூளை மின்னலைகளில் வித்தியாசம் தெரிகிறது என்று 2022இல் எழுதினார்கள், உலகமே கொண்டாடியது. நான்கு வயதில் மீண்டும் அளந்தபோது அப்படியொரு வித்தியாசம் கிடைக்கவில்லை. காசு பயனில்லை என்று இதற்குப் பொருளாகாது. மாதாந்தம் வரும் ஒரு தொகை, வீட்டையும் பாதையையும் பாடசாலையையும் சேர்த்து மாற்றிவிடாது.

இப்போது நம் பக்கம் வருவோம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 சதவீதம். தோட்டத்துறையில் மட்டும் ஏறக்குறைய 32 சதவீதம். முதல் இரண்டு வருடங்களில் இரும்புச்சத்தும் போசாக்கும் குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும் என்பது மருத்துவத்தில் நன்றாக நிறுவப்பட்ட உண்மை. லயம் என்ற தோட்ட வரிசை வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா என்ற ஒற்றை அறையில் அடுப்புப் புகை, ஒரே பல்ப், தாய் மலைக்குப் போனபின் பிள்ளைக் காம்பரா என்ற தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் கழியும் பகல். இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளை பரீட்சை எழுதுகிறது. அந்தப் பிள்ளையின் புள்ளியைப் பார்த்து 'மூளை கம்மி' என்பவர் தட்டைப் பார்க்கவில்லை, அறையைப் பார்க்கவில்லை.

அப்படியானால் வறுமை மூளையைக் கெடுத்துவிட்டது என்று நம்மை நிரந்தரமாக ஒதுக்கிவிட மாட்டார்களா?

இந்தப் பயம் எனக்கும் உண்டு. 'பாதிக்கப்பட்ட மூளை' என்ற பெயரில் பழைய இழிவு புதுச் சட்டை போட்டு வரக்கூடும். ஆனால் அதே நரம்பியல்தான் மூளை கல்லில் செதுக்கியது போன்றதல்ல என்றும் காட்டியிருக்கிறது. லண்டன் டாக்சி சாரதிகளின் மூளையில், இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்ததாக 2000இல் வெளியான ஆய்வு சொன்னது. ருமேனியாவில் அநாதை இல்லங்களில் கிடந்த 136 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகள் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் பல விஷயங்களில் நன்றாகவே தேறினார்கள். எல்லாவற்றையும் மீட்க முடிந்தது என்று சொல்ல மாட்டேன். தாமதிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் விலை உண்டு. ஆகவே பிள்ளைக் காம்பராவுக்கு நல்ல சாப்பாடும் பயிற்சி பெற்ற ஆட்களும் கேட்பதற்கு மூளை ஆய்வு நமக்குக் கைகொடுக்கிறது.

இழிவாகப் பேசினால் நிஜமாகவே வலிக்குமா?

2003இல் ஒரு பரிசோதனை வெளியானது. எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருப்பவர் கணினியில் இரண்டு பேரோடு பந்து எறிந்து விளையாடுகிறார். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்கிறார்கள்; இவருக்குப் பந்து வருவதே இல்லை. உண்மையில் அந்த இருவரும் வெறும் கணினி நிரல்கள். அப்போதும், உடல் வலியின் துன்பத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு பகுதி இவர்களின் மூளையில் அதிகம் இயங்கியது. படமெடுக்கப்பட்டவர்கள் 13 பேர்தான். உடல் வலியும் ஒதுக்கப்பட்ட வலியும் மூளையில் வெவ்வேறு பாங்கில் பதிகின்றன என்று 2014இல் இன்னொரு குழு காட்டியது. ஆகவே 'இரண்டும் ஒன்றே' என்பது மிகைப்படுத்தல். ஒதுக்கிவைப்பது உடம்பைத் தொடுகிறது என்ற அளவில் ஏற்றுக்கொள்ளலாம்.

பந்து கிடைக்காதவருக்கு வலிப்பதை மூளைப் படம் காட்டும். யாருக்குப் பந்து போவதில்லை என்ற ஒழுங்கைக் காட்டாது. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் நம் பையன்கள் "எந்த ஊர்?" என்று கேட்டால் "கண்டி பக்கம்" என்கிறார்கள். தோட்டத்தின் பெயர் வாயில் வராது. 'தோட்டக்காட்டான்' என்ற சொல் எந்த நொடியிலும் வரலாம் என்று அவர்களுக்குத் தெரியும். இப்படி அடையாளத்தை மறைத்து நடமாடுவதைத்தான் அமெரிக்க சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963இல் விரிவாக எழுதினார். அந்தப் பையனின் நெஞ்சுத் துடிப்பை அளக்கலாம். அவன் ஊரின் பெயர் எப்படி ஒரு வசவாக மாறியது என்பதற்கு வரலாறு வேண்டும்.

திருவிழாவில் தப்புச் சத்தம் கேட்டால் ஏன் உடம்பு சிலிர்க்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மலையகத்துக் காமன் கூத்தில் தப்புப் பறையின் வேகம் ஏறத் தொடங்கினால், ஓரமாக நிற்கிற ஆட்களின் காலும் தானாக அசையும். கூட்டமாகச் சேர்ந்து சடங்கு செய்யும்போது பிறக்கும் அந்த வேகத்தைத் துர்க்கைம் 1912இல் 'கூட்டுக் கிளர்ச்சி' என்ற பொருளில் எழுதினார். அளக்க அவரிடம் கருவி இல்லை.

2011இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற கிராமத்தில், ஒருவரை முதுகில் சுமந்துகொண்டு தீமிதிக்கும் வழக்கம் உண்டு. தீமிதித்தவர்களும் பார்வையாளர்களுமாக 38 பேருக்கு இதயத்துடிப்பு அளவிகளைக் கட்டிவிட்டார்கள். மிதித்தவரின் இதயத் துடிப்பும், பார்த்துக்கொண்டிருந்த அவருடைய சொந்தக்காரர், நண்பர்களின் துடிப்பும் ஒரே பாங்கில் ஏறி இறங்கின. முன்பின் தெரியாத பார்வையாளர்களின் துடிப்பு அப்படிச் சேரவில்லை.

இதே கூட்டம், இதே நெருப்பு, இதே சத்தம். ஆனால் இதயம் யாரோடு சேர்ந்து துடிக்கும் என்பதை உறவுதான் தீர்மானித்தது. மாரியம்மன் கோயில் தீமிதிப்பில் அண்ணன் பூக்குழியில் இறங்கும்போது தங்கச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இரு துறைகளும் ஒன்றையொன்று விழுங்காமல் சேர்ந்து வேலை செய்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குடிப் பழக்கம் மூளை நோய்தானே?

தொடர்ந்து குடித்தால் இன்பம் தந்ததை மீண்டும் தேடவைக்கும் மூளையின் வெகுமதிப் பாதைகள் மாறும், விடுவது கடினமாகும். இது உண்மை, குடிப்பவரை 'மானம் கெட்டவன்' என்று திட்டுவதைவிட இப்படிப் புரிந்துகொள்வது எவ்வளவோ மேல். ஆனால் வியட்நாம் போர்க் கதையையும் கேளுங்கள். அங்கே போன அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெரோயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தார்கள். சமூகவியல் படித்த லீ ராபின்ஸ் அவர்கள் ஊர் திரும்பிய பின் தேடிப்போய் விசாரித்தார். முதல் வருடத்தில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். மூளை அதே மூளை. சுற்றியிருந்த போரும் தனிமையும் சல்லிசான சரக்கும் இல்லாமல்போயின.

தோட்டத்தில் குடிப்பவர் சிகிச்சைக்குப் போய்வந்தாலும் அதே லயத்துக்கு, அதே கடனுக்கு, அதே சாராயக் கடை வாசலுக்குத்தான் திரும்புகிறார். 19ஆம் நூற்றாண்டில் சாராயக் குத்தகை பிரித்தானிய அரசின் முக்கிய வருமானங்களில் ஒன்றாக இருந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

தற்கொலையை மூளை வேதியியலால் விளக்கிவிடலாமா?

ஒருவரின் மனச்சோர்வுக்கு மூளையோடு தொடர்பு உண்டு, மருந்தும் உதவும். ஆனால் ஒரு நாட்டின் தற்கொலை வீதம் வேறு விஷயம் என்று துர்க்கைம் 1897இலேயே வாதிட்டார். அதற்கு உலகம் காட்டும் மிகப் பெரிய சான்றுகளில் ஒன்று நம் நாடு. 1995 அளவில் இலங்கையின் வீதம் ஒரு லட்சம் பேருக்கு 47ஐ எட்டியிருந்தது. நச்சுத்தன்மை மிகுந்த பூச்சிமருந்துகளை அரசு கட்டம் கட்டமாகத் தடைசெய்தது. அடுத்த பத்து வருடத்தில் வீதம் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. அதற்குள் நாட்டு மக்களின் மூளை மாறிவிடவில்லை. கொந்தளிப்பான சில நிமிடங்களில் கைக்கெட்டிய தூரத்தில் என்ன இருக்கிறது என்பது மாறியது.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அப்படி ஓர் எண்ணம் இருந்தால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

முன்னோர் பட்ட கஷ்டம் மரபணு வழியாக நமக்கு வந்திருக்குமா?

தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தவர்களின் துயரம் நம் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது என்று இப்போது பலர் பேசுகிறார்கள். உணர்ச்சியை நான் மதிக்கிறேன். ஆதாரம் அந்த அளவுக்கு இல்லை. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது கருவில் இருந்தவர்களின் மரபணுவில், சுமார் அறுபது வருடம் கழித்தும் ஓர் இரசாயன அடையாளம் தெரிந்ததாக 2008இல் எழுதினார்கள். ஆனால் அவர்கள் கருவில் இருந்தபடி பஞ்சத்தை நேரடியாக அனுபவித்தவர்கள். பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள் வரை அது மனிதரில் கடத்தப்படுகிறது என்பதற்கான சான்று மிகப் பலவீனம்.

நம் விஷயத்தில் துயரம் கடத்தப்பட்ட வழி கண்ணுக்குத் தெரிகிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். எங்கள் லயத்தில் ஒரு தாத்தா, பிள்ளைகள் அந்தப் பக்கம் போனபின் தகரப் பெட்டியில் கடிதங்களை அடுக்கிவைத்திருந்தார். மழைக்காலத்தில் அவற்றை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைப்பார். எஞ்சியிருந்தவர்களுக்கு உரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தாய் தகப்பனுக்கு உரிமை இல்லாததால் பிள்ளைக்கும் இல்லாமல்போனதற்கு மரபணு தேவைப்படவில்லை. காகிதமே போதுமாயிருந்தது.

மூளைப் படங்களை எவ்வளவு நம்பலாம்?

2009இல் ஒரு குழு செத்த சால்மன் மீனை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, 'இவர்கள் என்ன உணர்கிறார்கள்' என்று கேட்டது. புள்ளிவிபரத் திருத்தம் செய்யாமல் கணக்குப் போட்டபோது செத்த மீனின் மூளையிலும் 'செயற்பாடு' தெரிந்தது! முறையாகக் கணக்கிட்டால் அது மறைந்துவிடும் என்று காட்டத்தான் அதைச் செய்தார்கள். வண்ணப் படத்தைக் கண்டதும் நம்பாதீர்கள். எத்தனை பேரைப் பார்த்தார்கள், அவர்கள் யார், இன்னொரு குழு திரும்பச் செய்ததா என்று கேளுங்கள். பெரும்பாலான ஆய்வுகள் பணக்கார நாடுகளில்தான் நடக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

'கண்ணாடி நரம்பணு'தான் இரக்கத்துக்குக் காரணமா?

1990களில் இத்தாலியின் பார்மா நகரில் நரம்பியலாளர் ரிசொலாட்டியின் குழு குரங்குகளில் கண்டுபிடித்தது: தான் செய்யும்போதும், பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் நரம்பணுக்கள். நல்ல கண்டுபிடிப்பு. அதிலிருந்து மனித இரக்கம் முழுவதற்கும் தாவியது அவசரம்.

மகள் கலைப் பிரிவில் படிக்கிறாள். இந்தத் துறைக்கு வர முடியுமா?

தாராளமாக. பேராதனையில் சமூகவியல் படிக்கலாம். உளவியலைத் துணைப் பாடமாக எடுக்க முடியுமா என்று முதல் வருடத்திலேயே விசாரியுங்கள். புள்ளிவிபரவியலைப் பார்த்துப் பயப்பட விட வேண்டாம். செத்த மீனைப் பிடித்துக் கொடுத்தது அதுதான். ஆங்கிலத்தில் வாசிக்க இப்போதே பழக்குங்கள், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். அத்தோடு அம்மம்மாவிடம் உட்கார்ந்து, எந்த வருடம் எந்த மலையில் வேலைக்குப் பேர் போட்டார், என்ன கூலி, பிள்ளை பிறந்து எத்தனை நாளில் திரும்ப வேலைக்குப் போனார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். போன வருடம் என் வகுப்பில் நான்கு பிள்ளைகள் எழுதிவந்தார்கள். அந்தக் கொப்பிகள் என் மேசையில்தான் இருக்கின்றன, வந்து பார்க்கலாம்.